ஜாதகம் இல்லாத தோட்டா

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால், துப்பாக்கிகளைப் பராமரிக்கிற எங்களைப் போன்ற போலீஸ் ஆர்மரர்களுக்கு வேலை கூடிவிடும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போகும். நாங்கள் நிலையம் நிலையமாகப் போய், வந்திருக்கிற ஒவ்வொன்றிலும் தோட்டா ஏற்றியிருக்கிறதா என்று திறந்து பார்த்து, நம்பரைச் சரிபார்த்து, சீட்டுக் கட்டி அடுக்குவோம். துப்பாக்கியோடு பெரும்பாலும் ஒரு மஞ்சள்பையும் வரும். பைக்குள் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பாட்டிலுக்குள் தோட்டாக்கள். துப்பாக்கியைப் பற்றிச் சந்தேகம் கேட்பவர்கள் குறைவு. பாட்டிலைத்தான் நீட்டுவார்கள். "ஏனுங்க சார், இது எங்கப்பாரு காலத்துத் தோட்டாங்க. சும்மாவே கெடக்குது. சுட்டா வெடிக்குமுங்களா?"

வெடிக்கும். பத்தில் ஏழெட்டு வெடிக்கவே செய்யும். சிக்கலே அங்கேதான். மொத்தமும் நமுத்துப் போயிருந்தால் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒன்று சரியாக வெடித்து, இரண்டாவதும் சரியாக வெடித்தால், மூன்றாவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

கேட்பவர்கள் எல்லாரும் வயதைச் சொல்லித்தான் கேட்பார்கள். "அறுபது வருஷம் ஆச்சு, ஆகுமா?" வயதை மட்டும் வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அது எந்தப் பெட்டியில் இருந்தது, எந்த அறையில், அந்த அறைக்கு ஓடா தகரமா, இடையில் எத்தனை கை மாறியது, சீல் உடைத்தது யார், எப்போது என்று திருப்பிக் கேட்பேன். கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்பதைப் போலத்தான் இதுவும். காற்றுப் புகாமல் தகர உறையிட்டு மரப்பெட்டியில் அடைத்த பழைய 303 ரைஃபிள் ரவுண்டுகளை மஸ்கட்ரி என்கிற துப்பாக்கி சுடும் பயிற்சியில் திறந்து சுட்டிருக்கிறோம். சுட்டவர்களைவிடத் தோட்டாவுக்கு வயது அதிகம். ஒன்றுகூடத் தவறவில்லை. அதே நேரம், போன வருஷம் கடையில் வாங்கி, மோட்டார் ரூம் அலமாரியில் ஒரே ஒரு ஐப்பசி மழையைக் கண்ட 12 போர் தோட்டா வீங்கிப்போய் குழலுக்குள் நுழையாமல் நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

தோட்டாவில் நான்கு சரக்கு இருக்கிறது. பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் கேப், உள்ளே வெடிமருந்து, முனையில் ஈயக் குண்டு அல்லது பால்ரஸ் என்கிற ஈயச் சிறுமணிகள். நான்கும் ஒரே நாளில் ஒரே ஆலையில் ஒன்றுசேர்ந்தாலும் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. ஈயம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மற்ற மூன்றும் தத்தம் வழியில் கெடும்.

பித்தளையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாடம் நம் நாட்டில் படிக்கப்பட்டது என்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த பட்டாளங்களில், மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் தோட்டாக்களின் கழுத்தில் மயிரிழையாக விரிசல் ஓடியிருக்கும். சுடவில்லை, கீழே போடவில்லை, தானாகவே விரிந்திருக்கும். பருவத்தோடு வந்ததால் அதைப் பருவ விரிசல் என்றே அழைத்தார்கள். காரணம் முழுதாக விளங்க 1921 ஆயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று உலோகவியல் ஆய்வாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். மழைக்காலத்தில் போர்ப் பயிற்சி நின்றுவிடும், தோட்டாப் பெட்டிகள் குதிரை லாயத்தில் போய் அடையும். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவியும் மழை ஈரமும் சேர்ந்து பித்தளையில் உள்ள தாமிரத்தைத் தாக்கும். ஆனால் வெறும் அம்மோனியா மட்டும் போதாது. தோட்டாக் கூடு என்பது 70 பங்கு தாமிரமும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டை அச்சில் வைத்து இழுத்து இழுத்துச் செய்வது. அப்படி இழுக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து அம்மோனியா அரிக்க, உள்ளிருந்து இறுக்கம் பிரிக்க, கழுத்து விரிந்தது.

இதற்குப் பரிகாரம் எளிது. செய்து முடித்த கூட்டின் கழுத்தை அளவாகச் சூடு காட்டி இறுக்கத்தைத் தணித்துவிடுவார்கள். ராணுவத் தோட்டாவின் கழுத்துப் பக்கம் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியுமே, அது அந்தச் சூட்டின் தழும்பு. புதிதாக வரும் கான்ஸ்டபிள்கள் அதைக் கெட்டுப்போன அடையாளம் என்று நினைத்து ஒதுக்கி வைப்பார்கள். உண்மையில் அந்தக் கறைதான் தோட்டாவுக்கு நற்சான்று. ஆளைக் கவிழ்ப்பது பளபளவென்று இருக்கும் பழைய தோட்டா. புளி போட்டுத் தேய்த்து, பிராஸோ போட்டுத் தேய்த்துக் கொண்டுவருவார்கள். களிம்பு இருந்தால் ஈரம் பட்ட கதையை அதுவே சொல்லும். தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். போதாததற்கு, பிராஸோ போன்ற சில பாலிஷ்களில் அம்மோனியாவும் இருக்கும். லாயத்தில் நடந்தது முற்றத்தில் நடக்கும்.

அடுத்தது வெடிமருந்து. அதன் முதுமை கண்ணுக்குத் தெரியாது. நீலகிரி ரயிலில் குன்னூர் தாண்டினால் அருவங்காடு நிலையம். 1903-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. கார்டைட் என்பது 1889-இல் ஆபெல், டூவர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக உருவாக்கிய புகையற்ற மருந்து. முதலில் செய்த கலவையின் கணக்கு நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாஸ்லின் 5. மெல்லிய நூல் நூலாக இருக்கும். பழைய 303 தோட்டாவைப் பட்டறையில் பிரித்தால் சேமியாக் கட்டுபோல ஒன்று வெளியே வரும். வாஸ்லினை அவர்கள் சேர்த்தது குழல் தேயாமல் இருக்கட்டும் என்று. மருந்து கெடாமல் காக்கிற வேலையையும் அது செய்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

காக்க வேண்டிய அவசியம் என்னவென்றால், வெடிபஞ்சு பிறந்த நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயு கசிகிறது. அந்த வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மிச்சம் இருக்கும் பஞ்சை இன்னும் வேகமாகச் சிதைக்கிறது. அதனால் மருந்தோடு அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு பொருளைக் கலந்து வைப்பார்கள். பிற்பாடு டைஃபினைல் அமீன் என்ற பொருள் இந்த வேலைக்கு வந்தது. அது தீர்கிற வரை மருந்து நல்ல மருந்து. தீர்ந்த பிறகு தறிகெட்டு ஓடும். எப்போது தீரும் என்பதை வெயில் முடிவு செய்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் சிதைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மருந்துக் கிடங்குக்காரர்கள் வைத்திருக்கிற பொதுக்கணக்கு. ஊட்டிப் பக்கம் அலமாரியில் இருந்த தோட்டாவும், தாராபுரத்தில் தகரக் கூரைக்கு அடியில் பரணில் இருந்த தோட்டாவும் ஒரே பெட்டியிலிருந்து பிரிந்தவையானாலும் ஒரே வயதுடையவை அல்ல.

பிரெஞ்சுக் கடற்படை இதை ரத்தத்தில் கற்றுக்கொண்டது. 1907 மார்ச் 12-ஆம் தேதி துலோன் துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்கு நின்றிருந்த 'இயெனா' என்ற போர்க்கப்பல் தானாக வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1911 செப்டம்பர் 25-ஆம் தேதி அதே துறைமுகத்தில் 'லிபர்டே' வெடித்தது. அதில் சாவு இன்னும் கூடுதல். யாரும் பீரங்கியைத் தொடவில்லை, எதிரி யாரும் அருகில் இல்லை. கப்பலின் அடியறையில் இருந்த பி-மருந்து என்ற புகையற்ற மருந்து கிழடாகி, தன் சூட்டிலேயே பற்றிக்கொண்டது என்றுதான் முடிவுக்கு வந்தார்கள்.

கைத்தோட்டா இப்படித் தானாகப் பற்றாது. ஒரு 303 ரவுண்டில் இருப்பது இரண்டரை கிராமுக்கும் குறைந்த மருந்து, அதன் சூடு அப்போதைக்கப்போது வெளியேறிவிடும். ஆனால் அதே அமிலம் உள்ளிருந்து பித்தளையைத் தின்னும். வெளியே பார்த்தால் கூடு முழுசாக இருக்கும், உள்சுவர் தகடாக மெலிந்திருக்கும். சுடும்போது கூடு கிழிந்தால் புகை முன்பக்கம் போகாமல் போல்ட் வழியாக முகத்துக்கு வரும். அப்படிக் கெட்ட மருந்துக்குப் புளித்த, மூக்கைக் குத்துகிற வாடை உண்டு. சிவப்புத் தூளும் படியும். இதை நான் அனுமதியோடு, பட்டறையில், அதற்கென்று இருக்கிற கருவியில் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன். குறடு வைத்து வீட்டுத் திண்ணையில் பிரித்துப் பார்த்து முடிவு செய்கிற வேலை இல்லை இது.

கேப்பின் சங்கதி வேறு. முழுத் தோட்டாவிலும் அடிபட்டால் பொறி பறக்கிற சரக்கு அது ஒன்றுதான், கடுகளவு. பழைய கேப்புகளில் பாதரசச் சேர்மம் இருந்தது. பாதரசம் பித்தளையோடு கூடினால் பித்தளை நொறுங்கும். இன்னொரு வகையில் பொட்டாசியம் குளோரேட். அது எரிந்தால் குழலுக்குள் ஒருவகை உப்பு படியும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரண்டே நாளில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் போட்டால் போகாது, எண்ணெயில் உப்பு கரையாது. அதனால்தான் 303 காலத்தில் ரேஞ்ச் முடிந்த கையோடு அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். தோட்டா உட்காரும் சேம்பரில் புனலைப் பொருத்திக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவோம். குழல் சுடச்சுட இருக்கும்போதே புல்த்ரூ என்கிற கயிற்றில் துணி கோத்து இழுத்து உலர்த்துவோம். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை இழுத்து, அப்புறம்தான் எண்ணெய். இன்றைக்குத் தாத்தாவின் தோட்டாவைச் சுட்டுவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்து உறையில் போட்டு வைக்கிறவர்கள், அடுத்த முறை திறக்கும்போது குழலுக்குள் அம்மைத் தழும்பைப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் துப்பாக்கி மட்டும் சாவதும் உண்டு.

இனி, கெட்ட தோட்டா துப்பாக்கிக்குள் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். மூன்று சத்தங்களுக்குக் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது 'டக்'. துப்பாக்கியின் குதிரை விழுந்தது, ஒன்றும் நடக்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உடனே துப்பாக்கியைத் திருப்பித் திறந்து பார்ப்பார்கள். அந்த நொடிதான் ஆபத்து. கேப் பலவீனமாக எரிந்து மருந்து இன்னும் புகைந்துகொண்டிருக்கலாம். ஒன்றிரண்டு விநாடி கழித்து வெடிக்கும். குழல் மூடியிருந்தால் அது தாமதமான வெடி, அவ்வளவுதான். திறந்திருந்தால் கூட்டைத் தாங்க ஒன்றும் இல்லாமல் பித்தளை சிதறிக் கண்ணுக்கு வரும். ரேஞ்சில் எங்கள் கட்டளை இதற்கு ஒன்றே ஒன்று. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், விரல் விசையிலிருந்து வெளியே வரட்டும், இடது கையைத் தூக்கு. குறைந்தது முப்பது விநாடி யாரும் அசையக்கூடாது. நான் ஒரு நிமிஷம் நிற்க வைப்பேன். வெயிலில் படுத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

இரண்டாவது சத்தம் 'பொத்'. ஊமைப்பட்டாசு மாதிரி. தோளில் உதை இருக்காது. இதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் சுட்டவர் 'சரி, போய்விட்டது' என்று நினைத்துக்கொள்வார். மருந்து பாதி எரிந்து, குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்கும். 12 போராக இருந்தால் தக்கை சிக்கியிருக்கும். அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வாழைப்பூ மாதிரி பிரியும். இடது கை எப்போதும் குழலுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 'பொத்' கேட்டால் அன்றைக்குச் சுட்டது போதும். காலி செய்து, கம்பி விட்டுப் பார்க்காமல் இன்னொன்று ஏற்றக்கூடாது.

மூன்றாவது, வழக்கத்தைவிடப் பெரிய சத்தம். அதைக் கேட்ட பிறகு செய்ய அநேகமாக ஒன்றும் இருக்காது.

போலீஸ் ரேஞ்சில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்த லாட்டிலிருந்து, அதாவது ஆலையின் எந்தத் தொகுதியிலிருந்து, எத்தனை ரவுண்டு எடுத்தோம், எத்தனை மிஸ்ஃபயர் என்று ரிஜிஸ்டரில் ஏறும். காலிக் கூடு எண்ணித் திரும்ப வரவேண்டும். ஒரு கூடு குறைந்தால் மொத்தப் பிளாட்டூனும் குனிந்து புல்லைத் தடவும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒரு லாட்டில் மிஸ்ஃபயர் கூடுகிறது என்றால் அந்த லாட்டையே நிறுத்திவிடலாம் என்பதற்கு அந்தக் கணக்குதான் ஆதாரம். மஞ்சள்பைத் தோட்டாவுக்கு லாட்டும் இல்லை, கணக்கும் இல்லை.

மஞ்சள்பையைப் பிரித்து மேஜையில் கொட்டினால் நான் பார்ப்பது இந்த வரிசையில் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் அடிப்பாகம் மேலே தெரிய நிறுத்திவைப்பேன். அடியில் பொறித்திருக்கிற எழுத்துதான் தோட்டாவின் பிறப்புச் சான்று. புனே பக்கத்துக் கட்கி ராணுவ ஆலையின் தோட்டா என்றால் ஆங்கிலத்தில் கே, எஃப் என்று இரண்டு எழுத்து, பக்கத்தில் வருஷம். வயல்காரர் ஒருவரின் பாட்டிலில் 12 போருக்கு நடுவே அப்படி ஒன்று எழுந்து நின்றது. லென்ஸை வைத்துப் பார்த்தால் ரோமன் எழுத்தில் 7. அதாவது 1910-இலிருந்து புழங்கிய ஏழாம் மார்க் 303 ரவுண்டு. அவருடைய அப்பாரு இரண்டாம் உலகப்போரில் பர்மா வரை போனவராம், ஞாபகத்துக்கு வைத்திருந்தாராம். "ஐயா, 12 போர் லைசென்ஸ்ல இது வராதுங்க. 303 தடைசெஞ்ச ரகம். லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிற வீட்டுலயும் இத வெச்சிருந்தா கேசுதான்" என்றேன். பயந்துவிட்டார். அவராகவே கொண்டுவந்து காட்டியதால் ஒப்படைத்ததாக எழுதி ரசீது கொடுக்க ஏற்பாடு செய்தோம். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துத் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கிக்குப் பொருந்தக்கூடாது என்று போட்ட கட்டுப்பாட்டிலிருந்து வந்ததுதான் நம் ஊரில் மட்டும் அதிகம் புழங்குகிற 315 ரைஃபிள். அந்தப் பிரிவினை இன்றும் மாறவில்லை.

அடுத்து, காகிதக் கூடு. 1960களில் பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் 12 போர் தோட்டா பெரும்பாலும் காகிதத்தில்தான். விரலிடுக்கில் உருட்டினால் வீக்கம் தெரியும். அடிப் பித்தளை வளையத்தில் பச்சைக் களிம்பு, முனையின் அட்டையில் வெள்ளைப் பூப்பு. அது ஈயம் ஈரத்தில் பூத்தது. பால்ரஸ் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுவதும் உண்டு. கட்டி ஒரே குண்டாகப் போகும். கூடு நுழைகிறதா என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் துப்பாக்கியை மடக்கி, ஏற்றி, மூடிப் பார்க்கிறார்கள். ஐயோ. குழலைக் கட்டையிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வெறும் குழலுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். கேப்பைக் குத்துகிற ஊசியே அங்கே இல்லாதபோது அடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிற எஸ்டேட்காரர்களுக்குத் தலைகீழான ஆபத்து. துப்பாக்கி கிழம், தோட்டா புதிது. அந்தக் காலத்துச் சேம்பர் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குக் குடைந்தது. இன்றைக்குப் பெரும்பாலும் வருவது இரண்டே முக்கால். சுடுவதற்கு முன் மடங்கியிருக்கும் முனை சுகமாக உள்ளே போகும். சுட்டதும் விரிய இடமில்லாமல் குழலுக்குள் நெருக்கும், அழுத்தம் ஏறும். டமாஸ்கஸ் குழல் என்று கம்பியை முறுக்கிச் செய்த அழகான குழல்கள் புகையற்ற மருந்துக்கு முந்திய கருமருந்துக்குச் செய்தவை. அவற்றைச் சுவரில் மாட்டிக் கும்பிடலாம்.

20 போர் தோட்டா ஒன்று கலந்திருந்தால் அதைத் தனியே எடுத்து வேறு அறையில் வைப்பேன். 12 போர் குழலுக்குள் அது வழுக்கிக்கொண்டு போய்ச் சேம்பருக்கு முன்னால் நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் குழல் காலியாகத் தெரியும். மேலே ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். இதற்காகத்தான் 20 போர் கூட்டுக்கு மஞ்சள் நிறம் என்று உலகம் முழுக்க வழக்கமாகியிருக்கிறது. பழைய காகிதத் தோட்டாக்கள் அந்த வழக்கத்துக்கு முந்தியவை.

நம்மவர்களுக்கென்று சில கைவைத்தியங்கள் உண்டு. தோட்டாவை மிளகாய் வற்றலோடு வெயிலில் காயவைப்பது, துரு வரக்கூடாதென்று தேங்காயெண்ணெய் தடவுவது, அடுப்புக்கு மேல் பரணில் வைப்பது. வெயிலும் அடுப்பும் மருந்தைக் கெடுக்கும். எண்ணெய் கேப்பின் விளிம்பு வழியே இறங்கிக் கடுகளவு சரக்கை ஊமையாக்கும், அல்லது பாதி ஊமையாக்கும். பாதிதான் பயம். நல்ல தோட்டா கேட்பதெல்லாம் தகர டப்பா, குளிர்ந்த அலமாரி, பூட்டு.

சுவரில் மாட்டியிருக்கிற நாட்டுத் துப்பாக்கியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதில் தோட்டாவே கிடையாது. கருமருந்தும் பால்ரஸும் முன்பக்கமாக இடித்து இறக்கியிருக்கும். காட்டுப்பன்றிக்கென்று ஏற்றி, பன்றி வராமல், அப்படியே மாட்டிவிட்டு, மாட்டியவர் செத்தும் போயிருப்பார். கருமருந்துக்கு மேலே சொன்ன வியாதி எதுவும் இல்லை. ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷத்துக்கும் அப்படியே இருக்கும். ஈரம் பட்டுக் காய்ந்தாலும் முழுதாகச் சாகாது. ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மருந்து இடிக்கிற கம்பியை மெதுவாகக் குழலுக்குள் விட்டு, வாயில் நிற்கிற இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, குழலுக்கு வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். கம்பி நுனி காது வரை, அதாவது கேப் வைக்கிற இடம் வரை வரவேண்டும். நாலு விரல் குறைந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. முகத்தைக் குழலுக்கு நேரே நீட்டாமல் செய்ய வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா! சரக்கு இருந்தால் குழலைச் சுரண்டக்கூடாது, ஆர்மரரைக் கூப்பிட வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் 2008-இல், அவர்களுடைய உள்நாட்டுப் போர்க்காலத்துப் பீரங்கிக் குண்டைத் துருநீக்கிக்கொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் வீட்டு முற்றத்திலேயே இறந்தார். குண்டுக்கு வயது நூற்று நாற்பதுக்கும் மேல். உள்ளே இருந்தது கருமருந்து.

இதுவரை பேசியதெல்லாம் வீட்டில் இருந்த தோட்டா. அதற்கு அரைகுறை ஜாதகமாவது உண்டு. மண்ணில், குளத்தில், கிணற்றில், காயலான் கடையில் கிடைத்ததற்கு அதுவும் கிடையாது. அதனால் என் பதில் அங்கே குட்டையாகிவிடும். தொடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரில் ஊறியதாயிற்றே, செத்திருக்கும் என்பார்கள். ராணுவத் தோட்டாவில் கேப்பைச் சுற்றி அரக்குப் பூச்சு, குண்டின் கழுத்தில் தார் போன்ற அடைப்பு, இரண்டும் தண்ணீர் போகாமல் இருக்கத்தான் போடுகிறார்கள். தண்ணீர் அதைக் கொல்லும் என்று எதிர்பார்ப்பது செய்தவனின் வேலையைச் சந்தேகப்படுவது.

2018 ஜூனில் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டினார்கள். மண்வெட்டி பட்டது தோட்டாப் பெட்டிகளில். இலங்கைப் போராளிக் குழுக்கள் 1980களில் புதைத்துவிட்டுப் போனவை என்று கருதப்பட்டது. ஆயிரக்கணக்கான தோட்டாக்கள், கையெறி குண்டுகள், துருவேறி, மண்ணோடு மண்ணாக. அந்த வீட்டுக்காரர் செய்தது சரி. தோண்டுவதை நிறுத்திப் போலீசுக்குச் சொன்னார். அடுத்த வருஷம், 2019 ஆகஸ்டில், திருப்போரூர் பக்கம் மானாம்பதியில் குளத்தில் கிடைத்த பொருள் ஒன்று கோயில் அருகே வெடித்து இளைஞர்கள் உயிரிழந்தார்கள். 2004-இல் டெல்லிக்குப் பக்கத்தில் காசியாபாத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்பில் கலந்திருந்த பீரங்கிக் குண்டு ஓர் உருக்காலையில் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் போனார்கள்.

தோட்டா வேறு, குண்டு வேறு. கைத்தோட்டாவை எடுத்துத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வெடிக்க அதற்கு அடி வேண்டும், இல்லையென்றால் நெருப்பு. பீரங்கிக் குண்டு, ராக்கெட், கையெறி குண்டு அப்படியல்ல. சுடப்பட்டு வெடிக்காமல் விழுந்தது என்றால் அதன் திரி ஏற்கெனவே பாதி வழி வந்து நிற்கிறது என்று பொருள். உள்ளே ஓர் ஊசியும் ஒரு துருப்பிடித்த ஸ்பிரிங்கும் எந்த நிலையில் நிற்கின்றன என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. இருபத்தைந்து வருஷம் துப்பாக்கியோடு இருந்தவன் என்பதற்காக அதன் பக்கத்தில் போகமாட்டேன். அது வெடிகுண்டு பிரிவினர் வேலை. ராணுவம் சுட்டுப் பழகுகிற மைதானங்களுக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பித்தளைக்காகப் பொறுக்கப் போவதும், கடைக்காரர் எடைபோட்டு வாங்குவதும் நமக்குத் தெரியாததல்ல. கிலோவுக்குக் கிடைக்கிற காசு, அந்தக் கடைக்காரர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் போகிற உயிருக்கு ஈடாகாது.

எரித்துவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். நெருப்பில் போட்ட தோட்டாவின் குண்டு துப்பாக்கியிலிருந்து போவதைப்போலப் பாயாது, உண்மைதான். ஆனால் தாங்க ஒன்றும் இல்லாத பித்தளைக் கூடு துண்டு துண்டாகப் பறக்கும், கேப் தனியாகத் தெறிக்கும். கிணற்றில் போடுகிறவர்கள் வேலையைப் பேரன் தலைமுறைக்குத் தள்ளிப்போடுகிறார்கள்.

செய்ய வேண்டியது சட்டத்திலேயே இருக்கிறது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21. லைசென்ஸ் முடிந்தாலோ, லைசென்ஸ்காரர் இறந்துபோனாலோ, துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்தில் அல்லது லைசென்ஸ் பெற்ற கடையில் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் கிடைத்ததைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வராதீர்கள். வழியில் சோதனை போட்டால், ஒப்படைக்கத்தான் கொண்டுபோகிறேன் என்பதை நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. முதலில் நிலையத்துக்குப் போன் செய்து எழுதிக்கொடுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். மண்ணில் கிடைத்தது என்றால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, சிறு பிள்ளைகளையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாமல், தூரப்போய் 100 அல்லது 112. செல்போனில் கிட்டப்போய்ப் படம் பிடிக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். ஒப்படைத்ததும் எத்தனை, என்ன ரகம் என்று எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள். வாங்காமல் வந்தவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

அந்த வயல்காரர் அன்றைக்குக் கிளம்பும்போது பாதித் தோட்டாவுக்கு மேல் கழிந்துவிட்டது என்று கணக்குப் போட்டுக் கொஞ்சம் சலித்துக்கொண்டார். "நல்லா இருக்கற நாலஞ்சையாச்சும் குடுங்க சார், பன்னிக்கு ஆகுமில்லைங்க." நல்லாயிருக்கிறதாகத் தெரிகிற ஐந்தையும் நான் கொடுக்கவில்லை. அவர் லைசென்ஸில் அனுமதித்த எண்ணிக்கைக்குள் புதுப்பெட்டி ஒன்று வாங்கச் சொன்னேன். பெட்டியின்மேல் வாங்கிய மாசத்தையும் வருஷத்தையும் பேனாவால் எழுதி, தகர டப்பாவில் போட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் பூட்டி வையுங்கள், அடுத்த பெட்டி வாங்குவதற்கு முன் இதைத் தீர்த்துவிடுங்கள் என்றேன். அடுத்த தேர்தலில் அவருடைய துப்பாக்கி வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில் வரவில்லை. பெட்டி வந்தது, மேலே தேதி இருந்தது, ஆனால் மகன் கையெழுத்தில், வருஷம் இல்லாமல் மாசம் மட்டும். வருஷத்தை ரசீதைப் பார்த்து நானே எழுதிவிட்டேன்.